பூவா தலையா போட்டு உரம் வைக்கும் விவசாயிகள்! அயோவாவின் கறுப்பு மண்ணில் 40 வருடப் பரீட்சை

ஜூன் முதல் வாரம். மக்காச்சோளம் இன்னும் முழங்கால் உயரத்தை எட்டவில்லை. டிராக்டருக்குப் பின்னால் உரக் கருவியை மாட்டியாயிற்று. சாயங்காலம் மழை வரும் என்கிறது வானிலை அறிக்கை. அந்த அவசரத்திலும் வயலோரம் நின்று, பாக்கெட்டிலிருந்து ஒரு கால் டாலர் நாணயத்தை எடுத்துச் சுண்டுகிறார் விவசாயி.

தலை விழுந்தால் இடப்பக்கப் பட்டைக்கு வழக்கமான உரம், வலப்பக்கப் பட்டைக்குக் குறைந்த உரம். பூ விழுந்தால் அப்படியே மாற்றி. விழுந்ததை நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த ஜோடிப் பட்டைக்குப் போகிறார். மறுபடி ஒரு சுண்டு. இப்படி ஆறு முறை.

'இவ்வளவு பெரிய பண்ணையை வைத்துக்கொண்டு இதென்ன விளையாட்டு?' என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். விளையாட்டு இல்லை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் விவசாயிகளே நடத்தும் ஆராய்ச்சியின் முதல் படி இது. கேள்வி அவருடையது. நிலம் அவருடையது. கணக்கு தப்பினால் நஷ்டமும் அவருடையதுதான். ஆனால் அந்த நஷ்டம் சில பட்டைகளோடு நின்றுவிடும், மொத்தப் பண்ணையையும் கொண்டுபோகாது என்பதுதான் இதிலிருக்கும் சூட்சுமம்.

கும்பகோணத்துக்காரர் பெயர் இருக்கும் ஊர்

தமிழ்நாட்டைவிடப் பரப்பளவில் கொஞ்சம் பெரியது அயோவா. மக்களோ சுமார் 32 லட்சம் பேர்தான். சென்னை நகரத்தில் வசிப்பவர்களைவிடக் குறைவு. பன்றிகள் மட்டும் 2 கோடிக்கும் மேல்! வருடா வருடம் சுமார் 1.3 கோடி ஏக்கரில் மக்காச்சோளமும், ஒரு கோடி ஏக்கரை ஒட்டி சோயாவும் விளைகின்றன. சாப்பாட்டு மேஜைக்கு நேராகப் போவது இதில் சொற்பம். பெரும்பகுதி கால்நடைத் தீவனமாகவும் எத்தனாலாகவும் மாறிவிடுகிறது.

தலைநகர் டி மொய்னில் தங்க முலாம் பூசிய குவிமாடத்தோடு சட்டமன்றக் கட்டடம் தூரத்திலேயே தெரியும். ஆற்றங்கரையில் பழைய நூலகக் கட்டடம் ஒன்று இருக்கிறது. உலக உணவுப் பரிசுக்கான மண்டபம் இப்போது அதில்தான் இயங்குகிறது. பசுமைப் புரட்சியின் நாயகனாகக் கொண்டாடப்படும் நார்மன் போர்லாக், இதே அயோவாவின் கிரெஸ்கோ ஊர்ப்பக்கம் பிறந்தவர். அவர் முயற்சியால் 1986-ல் உருவான பரிசு இது. 1987-ல் முதல் பரிசைப் பெற்றவர் நம்ம கும்பகோணத்து எம்.எஸ்.சுவாமிநாதன். அந்தப் பணத்தைக் கொண்டுதான் சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது.

போர்லாக்குக்கு ரொம்பக் காலம் முன்பே, இதே டி மொய்னில் ஒரு பள்ளி மாணவன் செய்த சேட்டையைச் சொல்லாமல் இந்தக் கதைக்குள் போக முடியாது.

1900-களின் தொடக்கத்தில் அயோவா முழுக்க மக்காச்சோளக் கதிர்களுக்கு அழகிப் போட்டி நடக்கும். நிஜமாகத்தான்! கதிர் நீளமா, மணிகள் வரிசை தப்பாமல் இருக்கின்றனவா, நுனி வரை நிரம்பியிருக்கிறதா என்று பேராசிரியர்கள் பார்த்து மார்க் போடுவார்கள். ஜெயித்த கதிரின் விதைக்கு ஊரே போட்டி போடும். ஹென்றி வாலஸ் என்ற 15, 16 வயதுப் பையனுக்கு மட்டும் ஒரு சந்தேகம். 'மாட்டுக்குக் கதிரின் அழகு தெரியுமா என்ன?' அழகான கதிர்களையும் அசிங்கமான கதிர்களையும் 1904-ல் தனித்தனி வரிசையாக விதைத்தான். அறுத்து எடை போட்டான். நடுவர்களுக்குப் பிடித்த கதிர்கள் விளைச்சலில் பின்தங்கிவிட்டன. பார்வைக்கு மட்டமாக இருந்தவை முந்தின.

பையன் பின்னாளில் கலப்பின மக்காச்சோள விதை நிறுவனத்தைத் தொடங்கினார், அமெரிக்காவின் விவசாய அமைச்சரானார், துணை ஜனாதிபதியும் ஆனார். அதெல்லாம் வேறு கதை. 'பெரியவர்கள் சொல்கிறார்கள், அதனால் சரியாகத்தான் இருக்கும்' என்பதை ஒரு துண்டு நிலத்தில் விதைத்துப் பார்த்துவிடும் பழக்கம் மட்டும் இந்த மண்ணில் அப்போதே இருந்திருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத குழாய்கள்

டி மொய்னிலிருந்து வடக்கே போகும் சாலையில் அரை மணி நேரம் ஓட்டினால் ஏம்ஸ். அங்கிருந்து மேற்கே 15 மைலில் பூன். நிலம் தட்டையாக, தாம்பாளம் மாதிரி கிடக்கிறது. மண் சாலைகள் மைலுக்கு ஒன்றாக, சதுரங்கக் கட்டம் போல நேராக ஓடுகின்றன. ஜூலையில் இரண்டு பக்கமும் ஆளை மறைக்கும் பச்சைச் சுவர். குறுக்குச் சாலையில் வரும் வண்டிகூடத் தெரியாது.

மண்ணின் நிறம்தான் முதலில் அசத்தும். காப்பிப் பொடி மாதிரி கறுப்பு. சுமார் 14,000 வருடங்களுக்கு முன்புவரை இங்கே பனிப்பாறை படர்ந்திருந்தது. அது பின்வாங்கிய பிறகு ஆயிரக்கணக்கான வருடங்கள் ஆளுயரப் புல்லும் பூவும் முளைத்து மக்கி உண்டான மண் இது. அந்தப் புல்வெளியில் இன்று மிச்சமிருப்பது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இந்த ஊரைப் புரிந்துகொள்ளத் தரைக்கு அடியில் பார்க்க வேண்டும். பனிப்பாறை விட்டுப்போன நிலம் சதுப்பாகத்தான் கிடந்தது. தண்ணீரை வடிக்க, 100 வருடங்களுக்கும் மேலாக விவசாயிகள் பூமிக்கடியில் ஓட்டைக் குழாய்களைப் புதைத்தார்கள். அன்று சுட்ட மண் குழாய், இன்று பிளாஸ்டிக். மழை பெய்தால் தண்ணீர் மண்ணில் இறங்கி, குழாயில் சேர்ந்து, ஓடைக்குப் போய், ஆற்றில் கலக்கிறது. குழாய் இல்லாவிட்டால் இங்கே பல வயல்களில் டிராக்டரே இறங்காது.

தண்ணீர் போகும்போது சும்மா போகிறதா? மண்ணில் கரைந்திருக்கும் நைட்ரேட்டையும் இழுத்துக்கொண்டு போகிறது. பயிர் சாப்பிடாமல் விட்ட தழைச்சத்து அது. விவசாயிக்குக் காசு நஷ்டம். கீழே இருக்கும் ஊர்க்காரர்களுக்குக் குடிதண்ணீர்ப் பிரச்னை.

பூன் ஊரின் 300 ஏக்கர்

பூனில் இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை பிரமாண்டமான விவசாய இயந்திரக் கண்காட்சி நடக்கிறது. வீடு மாதிரி உயர்ந்த டிராக்டர்கள், ஆளில்லாமல் ஓடும் கருவிகள் என்று கண்ணைப் பறிக்கும். அதே பூனின் சுற்றுவட்டாரத்தில்தான், பெரிய இயந்திரத்தை நம்பாமல் பென்சிலையும் நோட்டையும் நம்பிய ஒரு தம்பதி வாழ்ந்தார்கள். டிக் தாம்சன், ஷாரன் தாம்சன். நிலம் சுமார் 300 ஏக்கர். அயோவாவுக்கு அது சராசரிப் பண்ணைதான்.

டிக், அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கால்நடைத் துறையில் முதுகலை படித்தவர். ஊருக்குத் திரும்பி, படித்தபடியே எல்லா உரத்தையும் மருந்தையும் வாங்கிப் போட்டார். பத்து வருடங்கள்போல அப்படித்தான் ஓடியது. மாடும் பன்றியும் நோயில் படுத்தன. செலவு ஏறியதே தவிர நிம்மதி இல்லை. 1967-68 வாக்கில் கணவனும் மனைவியும் பாதையை மாற்றினார்கள்.

அக்கம்பக்கத்தார் மக்காச்சோளம், சோயா, மறுபடி மக்காச்சோளம் என்று இரண்டையே சுற்றிவர, தாம்சன் பண்ணையில் ஐந்து வருடச் சுழற்சி. மக்காச்சோளம், சோயா, மக்காச்சோளம், ஓட்ஸ், அதன் பிறகு தீவனப் பயிர். நம்ம ஊரில் குதிரைமசால் என்போமே, அந்த வகைத் தீவனம். மாட்டுச் சாணமும் பன்றி எருவும் வயலுக்கே திரும்பின. பூன் நகரத்தின் கழிவுநீர்க் கசடைக்கூட வாங்கி எருவோடு கலந்து போட்டார் டிக்.

களைக்கு என்ன செய்தார் என்பதுதான் சுவாரஸ்யம். பார் பிடித்து விவசாயம் செய்தவர் அவர். பொதுவாக வசந்தத்தில் நிலம் முழுவதையும் உழுது கிளறிவிட்டு விதைப்பார்கள். கிளறினால் உள்ளே தூங்கும் களை விதை வெளிச்சம் பட்டு முளைக்கும். தாம்சன் விதைப்புக்கு முன் கிளறவே மாட்டார். விதைப்புக் கருவியே பாரின் தலையை மெல்லியதாகச் சீவி, களை விதை கலந்த மண்ணைச் சாலுக்குள் தள்ளிவிடும். சீவிய சுத்தமான இடத்தில் விதை விழும். பயிர் வளர்ந்த பிறகு சாலில் முளைத்த களையைக் கருவி ஓட்டி அழித்து, அதே மண்ணைத் திரும்பப் பாரில் அணைப்பார். கரும்புக்கு மண் அணைத்தவர்களுக்கு இது உடனே புரியும்.

பக்கத்து விவசாயிகள் நம்பினார்களா? சுலபத்தில் இல்லை. 'உங்கள் மண் அப்படி', 'உங்களிடம் மாடு இருக்கிறது' என்று ஆளுக்கொரு காரணம். பல்கலைக்கழகத்துக்காரர்களுக்கோ வேறு சந்தேகம். ஒரு விவசாயி 'எனக்கு நன்றாக வந்தது' என்று சொன்னால் அது அனுபவம், ஆதாரம் ஆகுமா? இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதிலாக தாம்சன் பிடித்துக்கொண்டதுதான் பட்டைச் சோதனை. பழைய முறையையும் புதிய முறையையும் ஒரே வயலில், பக்கத்தில் பக்கத்தில், பலமுறை திரும்பத் திரும்பச் செய்து, எடை போட்டு, எண்களை அச்சிட்டுக் கொடுத்தார். அமெரிக்க தேசிய ஆராய்ச்சி கவுன்சில் 1989-ல் மாற்று விவசாயம் பற்றி வெளியிட்ட அறிக்கையில் தாம்சன் பண்ணைக்குத் தனி அத்தியாயமே கிடைத்தது.

2013-ல், 81 வயதில் டிக் தாம்சன் காலமானார்.

கடனில் பிறந்த அமைப்பு

தாம்சன் ஒரு தனி மனிதராகவே நின்றிருக்கலாம். அப்படி ஆகாமல் போனதற்குக் காரணம் 1980-களின் கடன் நெருக்கடி.

1970-களில் விளைபொருளுக்கு நல்ல விலை. 'நிலம் வாங்கு, இயந்திரம் வாங்கு' என்று வங்கிகள் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடன் கொடுத்தன. பிறகு வட்டி ஏறியது, விலை சரிந்தது. அயோவாவில் 1981-ல் சராசரியாக ஏக்கர் 2,147 டாலருக்குப் போன நிலம், 1986-ல் 787 டாலர். அடமானம் வைத்த நிலத்தின் மதிப்பு கடனைவிடக் கீழே போய்விட்டது. பண்ணைகள் ஏலத்துக்கு வந்தன. தலைமுறை தலைமுறையாக இருந்த வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பங்கள் கிளம்பின. தற்கொலைகளும் நடந்தன. தஞ்சாவூரிலோ விதர்பாவிலோ இருப்பவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

அந்த நேரத்தில் செலவைக் குறைப்பது கொள்கையாக இல்லை, உயிர் பிழைக்கும் வழியாக இருந்தது. 1985-ல் தாம்சன் தம்பதியும் சில விவசாயிகளும் சேர்ந்து 'பிராக்டிகல் ஃபார்மர்ஸ் ஆஃப் அயோவா' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1987-லிருந்து உறுப்பினர்கள் தங்கள் வயலிலேயே சோதனை நடத்தும் திட்டம் தொடங்கியது. இயற்கை விவசாயி, ரசாயன விவசாயி என்று உள்ளே வேலி போடவில்லை. யூரியா போடுபவரும் வரலாம், போடாதவரும் வரலாம். கேள்வியோடு வர வேண்டும், அவ்வளவுதான். இந்த அமைப்பு செய்த புத்திசாலித்தனமான காரியம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

இவர்களுக்கு அதிர்ஷ்டமும் பக்கத்திலேயே இருந்தது. அமைப்பின் அலுவலகம் இருக்கும் ஏம்ஸ், புள்ளியியலுக்குப் பேர்போன ஊர். வயல் சோதனைகளுக்குக் கணக்கு முறை வகுத்த ஆங்கிலேய மேதை ரொனால்டு ஃபிஷர் 1931-லும் 1936-லும் இங்கே வந்து பாடம் நடத்தியிருக்கிறார். ஜார்ஜ் ஸ்னெடகர் 1933-ல் அயோவா ஸ்டேட்டில் புள்ளியியல் ஆய்வகத்தைத் தொடங்கினார். அந்தக் கணக்கை ஆராய்ச்சி நிலையத்தின் சின்னப் பாத்தியிலிருந்து விவசாயியின் நீள வயலுக்குக் கொண்டுவந்ததுதான் இந்த அமைப்பின் வேலை.

ஏன் நாணயம்? ஏன் ஆறு?

பட்டையின் அகலம் அறுவடை இயந்திரத்தின் அகலம். எட்டு வரிசை அறுக்கும் இயந்திரம் என்றால் 20 அடி. நீளம், வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, சில இடங்களில் கால் மைல். அப்படி வைத்தால்தான் விவசாயி தன் வழக்கமான கருவியோடே வேலை பார்க்க முடியும். சோதனைக்காகத் தனியாகக் கூலி ஆள் வேண்டாம்.

நாணயம் எதற்கு என்றால், மனசை நம்ப முடியாது என்பதால். புது முறை ஜெயிக்க வேண்டும் என்று ஆசை இருந்தால், கை தானாகவே அதற்கு மேட்டுப் பக்கத்தையோ நல்ல மண்ணையோ ஒதுக்கிவிடும். தப்பு செய்கிறோம் என்றே தெரியாது. நாணயத்துக்கு அந்த ஆசை கிடையாது.

ஆறு முறை எதற்கு? ஒரு ஜோடிப் பட்டையில் ஐந்து புஷல் வித்தியாசம் வந்தால் அது உரத்தால் இருக்கலாம், அடியில் ஓடும் வடிகால் குழாயாலும் இருக்கலாம், மான் மேய்ந்ததாலும் இருக்கலாம். (மக்காச்சோளத்தில் ஒரு புஷல் சுமார் 25 கிலோ.) ஆறு ஜோடியிலும் ஒரே பக்கம் முந்தினால்தான் பேச ஆரம்பிக்கலாம். மூன்றில் இது, மூன்றில் அது என்று வந்தால், 'வித்தியாசம் இல்லை' என்று எழுத வேண்டியதுதான். விவசாயிக்கு அது ஏமாற்றமான முடிவா? இல்லை. ஏக்கருக்கு இத்தனை டாலர் என்று காசு கொடுத்து வாங்கும் ஒரு பொருள், 'வித்தியாசம் இல்லை' என்று வந்தால் அந்தக் காசு மிச்சம்.

முதலில் கையில் எடுத்த பெரிய கேள்வி தழைச்சத்து. மக்காச்சோளம் தழைச்சத்துக்கு ஏங்கும் பயிர். குறைந்தால் இலை மஞ்சளாகி, சாலையில் போகிறவர்கூட 'என்னப்பா, உரத்தில் மிச்சம் பிடித்தாயா?' என்று கேட்டுவிடுவார். அந்தப் பயத்துக்கே கொஞ்சம் கூடுதலாகப் போடுவது வழக்கமாகியிருந்தது.

அப்போது அயோவா ஸ்டேட்டின் மண்ணியல் பேராசிரியர் பிளாக்மர் ஒரு எளிய பரிசோதனையை அயோவா மண்ணுக்கு ஏற்ப உருவாக்கியிருந்தார். பயிர் ஒரு சாண் வளர்ந்ததும், ஒரு அடி ஆழத்துக்கு மண் எடுத்து நைட்ரேட் அளவு பார்ப்பது. பத்து லட்சத்தில் 25 பங்கு இருந்தால் போதும், மேலே உரம் வேண்டாம். குறைவாக இருந்தால் குறைகிற அளவுக்கு மட்டும் வைக்கலாம். ஆய்வகத்தில் சரி, என் வயலில் சரிவருமா? விவசாயிகள் பட்டை போட்டார்கள். ஒரு பக்கம் பழக்கப்படி, ஒரு பக்கம் பரிசோதனை சொன்னபடி. பல வயல்களில் உரம் குறைந்தது, மகசூல் குறையவில்லை. தீவனப் பயிருக்கும் சோயாவுக்கும் பிறகு விதைத்த மக்காச்சோளத்தில் மிச்சம் இன்னும் அதிகம்.

முடிவுகளைப் பார்க்க ஊர் திரளும் நாள்தான் வயல் விழா. டிராக்டர் இழுக்கும் தட்டை வண்டியில் வைக்கோல் கட்டுகள்தான் இருக்கை. பேரன் பேத்திகளோடு குடும்பமாக வந்து ஏறிக்கொள்வார்கள். வண்டி பட்டைக்குப் பட்டை நிற்கும். பேசுபவர் பேராசிரியர் இல்லை, நிலத்துக்காரர். கேள்விகளும் வேறு மாதிரி வரும். 'ஏக்கருக்கு என்ன செலவு?', 'மழை தப்பினால் என்ன ஆகும்?', 'எந்த இடத்தில் கோட்டை விட்டீர்கள்?' கடைசிக் கேள்விக்கு வெட்கப்படாமல் பதில் சொல்வது இங்கே எழுதாத விதி. பிறகு எல்லோருக்கும் சாப்பாடு. அயோவா ஆயிற்றே, பன்றி இறைச்சி நிச்சயம் இருக்கும்.

புல்லுக்குத் தண்ணீர் இல்லை!

பூனிலும் சுற்றுப்பக்கங்களிலும் குழாய் வழியே கிளம்பும் தண்ணீர் டி மொய்ன் ஆற்றையும், ரக்கூன் ஆற்றையும் தேடிப் போகிறது. தலைநகரத்தின் குடிநீர் இந்த இரண்டு ஆறுகளிலிருந்துதான். குடிநீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட்-நைட்ரஜன் வரைதான் இருக்கலாம் என்பது அமெரிக்கச் சட்டம். (இந்தியாவில் 45 மில்லிகிராம் நைட்ரேட் என்று எழுதுகிறார்கள். கணக்கிடும் முறை வேறு, அளவு ஏறத்தாழ ஒன்றுதான்.) தாண்டினால் கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாய்ந்துவிடும்.

அதனால் 1990-களின் தொடக்கத்திலேயே நைட்ரேட்டைப் பிரித்தெடுக்கத் தனி ஆலை கட்டியது டி மொய்ன் குடிநீர் வாரியம். 2015-ல் மேல்பகுதியில் உள்ள மூன்று கவுன்டிகளின் வடிகால் அமைப்புகள் மீது வழக்கே போட்டது. மாநிலம் இரண்டாகப் பிரிந்து நின்று சண்டை போட்டது. 2017-ல் வழக்கு தள்ளுபடியானது. 2025 ஜூனில் ஆறுகளில் நைட்ரேட் ஏறி, சுத்திகரிப்பு ஆலையின் சக்திக்குச் சவால் விட்டது. தலைநகர வட்டாரத்தில் சுமார் 6 லட்சம் பேருக்கு, வீட்டுப் புல்தரைக்குத் தண்ணீர் ஊற்றத் தடை விதிக்கப்பட்டது. இத்தனைக்கும் வறட்சி இல்லை, ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது!

நைட்ரேட் அதிகம் தப்பிப்பது வயல் வெறுமையாகக் கிடக்கும் மாதங்களில். அக்டோபரில் அறுவடை முடிந்து, மறுபடி மே மாதம் பயிர் எழும் வரை இந்த மண்ணில் பச்சையே இருக்காது. பனி உருகி மழை கொட்டும் ஏப்ரலில் தழைச்சத்தைப் பிடித்துவைக்க ஒரு வேரும் கிடையாது. அறுவடைக்குப் பின் ரை என்ற தானியத்தை விதைத்தால்? பனிக்கு அடியிலும் உயிரோடு இருக்கும், வசந்தத்தில் முதலில் எழுந்து நைட்ரேட்டை உறிஞ்சும், மக்காச்சோளம் விதைக்கும் முன் அதை அழித்து மண்ணுக்கே மூடாக்காக விட்டுவிடலாம்.

சொல்வது எளிது. 'ரை போட்டால் மக்காச்சோளம் குன்றிப்போகும்' என்ற பயம் பெரிது. 2008-ல் இந்த அமைப்பும் அயோவா லேர்னிங் ஃபார்ம்ஸும் சேர்ந்து பல விவசாயிகளின் வயல்களில் ரை உள்ள பட்டை, ரை இல்லாத பட்டை என்று ஒரு சோதனையைத் தொடங்கின. பத்து வருடங்கள் நடந்தது. சில இடங்களில் பயந்தபடியே மக்காச்சோளம் அடிவாங்கியது. ஏன் என்று பார்த்தால், ரையைத் தாமதமாக அழித்தது ஒரு காரணம். விதைப்புக்கு 10 முதல் 14 நாள் முன்பே அழித்துவிட வேண்டும் என்று தெரிந்துகொண்டார்கள். சோயாவுக்கு அந்தக் கெடுபிடியும் தேவையில்லை. பத்து வருட முடிவில், பெரும்பாலான வயல்களில் மகசூலுக்குப் பாதகம் ஒன்றும் இல்லை என்பது எண்களாகக் கையில் இருந்தது. அமெரிக்க விவசாயக் கணக்கெடுப்பின்படி அயோவாவில் மூடு பயிர் நிலம் 2012-ல் சுமார் 3.8 லட்சம் ஏக்கர், 2017-ல் சுமார் 9.7 லட்சம் ஏக்கர்.

கைதட்டும் முன் ஒரு நிமிடம். பயிரிடும் நிலம் மொத்தம் இரண்டு கோடி ஏக்கருக்கு மேல் இருக்கும் மாநிலத்தில் அது எவ்வளவு என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

எடை போட முடியாதவை

40 வருடம் ஆதாரம் சேர்த்தும் மாநிலம் ஏன் இன்னும் இரண்டு பயிரிலேயே சுற்றுகிறது? பட்டைச் சோதனையால் பதில் சொல்ல முடியாத கேள்வி இது.

ஓட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். சுழற்சியில் ஓட்ஸ் வந்தால் களை குறையும், உரம் குறையும் என்று தாம்சன் பண்ணையே காட்டிவிட்டது. 1950-களில் அயோவாவில் பல லட்சம் ஏக்கரில் ஓட்ஸ் ஆடியது. டிராக்டர் வந்து குதிரைகள் போயின, ஓட்ஸுக்கு வேலை இல்லாமல் போனது. இன்று சீடர் ரேப்பிட்ஸ் நகரத்துக்குள் நுழைந்தால் காற்றில் ஓட்ஸ் வாசனை வரும். உலகின் பெரிய தானிய ஆலைகளில் ஒன்று அங்கே ஓடுகிறது. அதற்குள் போகும் ஓட்ஸோ, பெரும்பாலும் கனடாவிலிருந்து ரயிலேறி வருகிறது! ஆலை பக்கத்திலேயே இருந்தும், உள்ளூர் விவசாயி விளைவித்தால் யாரிடம் விற்பது என்ற கேள்வி தீரவில்லை. பயிர்க் காப்பீடும் அரசின் ஆதரவும் மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் பழகிப்போனவை.

இன்னொன்று, குத்தகை. அயோவாவின் பாதிக்கும் மேற்பட்ட விளைநிலத்தை உழுபவர் அதன் சொந்தக்காரர் இல்லை. அடுத்த வருடம் இந்த நிலம் நம்மிடம் இருக்குமா என்றே தெரியாதவர் ஐந்து வருடச் சுழற்சியை எப்படி யோசிப்பார்?

அரசின் கையும் சுருங்கியது. நிலத்தடி நீரைக் காக்க 1987-ல் வந்த சட்டத்தின் மூலம், உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் விதித்த கட்டணத்தில் அயோவா ஸ்டேட்டில் லியோபோல்ட் மையம் பிறந்தது. நீடித்த விவசாய ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்த மையம் அது. 2017-ல் சட்டமன்றம் அந்த நிதியை நிறுத்திவிட்டது.

விவசாயிகள் அமைப்பு சமீபத்தில் ஒரு புது வழியை முயல்கிறது. தழைச்சத்தைக் குறைத்துப் பார்க்கத் துணிபவருக்கு மகசூல் குறைந்தால், அந்த நஷ்டத்துக்கு ஏக்கர் கணக்கில் ஈடு கொடுக்கும் திட்டம். ஆதாரம் இருந்தும் பயம் போகவில்லை என்பதை ஒப்புக்கொண்ட திட்டம் என்று இதைச் சொல்லலாம். அதில் கேவலம் ஒன்றுமில்லை. கடன் இருப்பவருக்குப் பயம் இருக்கத்தான் செய்யும்.

அக்டோபரில் ஒரு நாள் வேலை

அறுவடை. ஒரு பட்டையை அறுத்து முடித்ததும் இயந்திரம் நிற்கிறது. மணிகளை எடை வண்டியில் கொட்டுகிறார்கள். எண் நோட்டில் ஏறுகிறது. ஈரப்பதம் பார்க்கிறார்கள், ஈரமான மணி கூடுதல் எடை காட்டி ஏமாற்றிவிடும் என்பதால். பிறகுதான் அடுத்த பட்டை. 12 பட்டைக்கும் இப்படியே. சோதனை இல்லாவிட்டால் அரை நாளில் முடியும் வயல், ஒரு நாளைத் தின்றுவிடும். மழை மிரட்டும் அக்டோபரில் அந்த அரை நாள் சும்மா இல்லை. பக்கத்து வயல்காரர் வேலையை முடித்துக் கையசைத்துவிட்டுப் போய்க்கொண்டிருப்பார்.

நோட்டில் இருக்கும் எண்கள் அமைப்பின் அலுவலகத்துக்குப் போய், கணக்கிட்டு, அறிக்கையாகத் திரும்பிவரும். நன்றாக வந்தது, வராதது, வித்தியாசமே இல்லாதது எல்லாம் அதில் அச்சாகும்.

ஜனவரி மாநாட்டில் அந்த எண்களை விவசாயி எழுந்து நின்று வாசிப்பார். வெளியே பனி குவிந்து கிடக்கும். பின்வரிசையில் யாராவது ஒருவர் கை தூக்கி, 'உங்கள் நாலாவது பட்டை மட்டும் ஏன் இப்படி?' என்று கேட்பார். கூட்டம் முடிந்து, கார் நிறுத்துமிடத்தில் உறைய வைக்கும் குளிரில் நின்றுகொண்டும் அந்த நாலாவது பட்டையைப் பற்றி இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் அந்த இடத்தில் வடிகால் குழாய் அடைத்திருக்கும் என்பார். இன்னொருவர் அடுத்த வருடம் ஆறுக்குப் பதில் எட்டு ஜோடி போட்டுப் பாருங்கள் என்பார்.